எட்டாவது தலை

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், நேரத்துக்கு எழுந்துவிடுவாள் என்று சொல்வேன். அதற்குமேல் யோசிக்க வேண்டும். அவள் எழுந்த பிறகு வீட்டில் வேறு யாரும் தூங்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொண்டால் அந்த நல்லதும் போய்விடும்.

என் வீட்டுக்காரருக்கு உடன்பிறந்த அக்கா. ஒன்பது வயது மூத்தவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அம்மா அப்பா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியது அவள்தான். இதை அவள் சொல்லிக் காட்டமாட்டாள். சொல்லிக் காட்டினாலாவது பதிலுக்கு நானும் நாலு வார்த்தை கேட்கலாம். நான் அவளை 'அண்ணி' என்று கூப்பிடுகிறேன். அவள் என்னை 'இந்தாம்மா' என்று கூப்பிடுகிறாள். பதினாலு வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம், பதினாலு வருஷமாக ஏழாம் பொருத்தம்.

அவளுக்குப் பள்ளிக்கூட பஸ்ஸில் வேலை. ஓட்டுகிற வேலை இல்லை, படிக்கட்டில் நின்று பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை. விடியுமுன் போய், நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, பதினாறு நிறுத்தங்களில் நாற்பத்துநாலு பிள்ளைகளை அள்ளி வந்து பள்ளிக்கூட வாசலில் கொட்டவேண்டும். சாயங்காலம் அதே பிள்ளைகளை அவரவர் வாசலில் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண்ணுவாள். ஆள்காட்டி விரலை மோவாய் உயரத்துக்குத் தூக்கி, கோழி கொத்துகிற மாதிரி ஒவ்வொரு தலையாகக் கொத்திக்கொண்டே போவாள். உதடு அசையாது. எண்ணிக்கை சரியாக வந்ததும் தன் தலையை ஒரு ஆட்டு ஆட்டுவாள். அதற்குப் பிறகுதான் டிரைவர் கியரைப் போடலாம். அவர் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'மீட்டர்'. வண்டி நின்றாலும் ஓடிக்கொண்டே இருக்குமாம்.

பெயரைக் கூப்பிட்டு எண்ணவே மாட்டாள். அதற்கு ஒரு காரணம் உண்டு. அவளாகச் சொன்னதில்லை, அந்த டிரைவர்தான் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த வருஷம் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் பெயராக வாசித்திருக்கிறாள். கீழே இறங்கி நின்றவர்களில் ஒரு வாலு தன் சிநேகிதிக்கும் சேர்த்துக் குரல் கொடுத்துவிட்டது. சிநேகிதி கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸைப் பூட்டி வெயிலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். நாற்பது நிமிஷம். நல்லவேளையாகப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. வியர்த்து நனைந்து, அழுதழுது விக்கலோடு கிடைத்தது. அன்றைக்குப் பட்டியலைக் கிழித்துப் போட்டவள்தான். பேரைக் கேட்டால் யார் வேண்டுமானாலும் பதில் சொல்லுவார்கள், தலையை எண்ணினால் ஏமாற்ற முடியாது என்பது அவள் கட்சி. அப்புறம் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தலை தவறியதில்லை.

பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த விரலையும் கோட்டோடு பஸ்ஸிலேயே கழற்றி மாட்டிவிட்டு வந்தால் நன்றாயிருக்கும். வீட்டில் செருப்பை எண்ணுகிறாள், கரண்டியை எண்ணுகிறாள், கொடியில் காயும் காலுறையை எண்ணி ஒன்று குறைந்தால் என்னைப் பார்க்கிறாள். குடும்பமாக வெளியே கிளம்பினால் எட்டுத் தலை. ஆமாம், எட்டு. எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். முதல் நாய் கிழட்டுப் பழுப்பு, நடையைப் பார்த்துப் 'பெரியவர்' என்று பெயர் வைத்தோம். இரண்டாவது, யாரோ அட்டைப்பெட்டியில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போன 'பொட்டலம்'. பிறகு ஒரு பூனை, எப்போதும் உறுமிக்கொண்டே இருப்பதால் 'மோட்டார்'. மூன்றும் அவள் கொண்டுவந்து சேர்த்தவை. தட்டு கழுவுவது நான்.

எண்ணுகிற வரிசையைக் கேளுங்கள். தம்பி ஒன்று. என் பெண் இரண்டு, அவளுக்குப் பன்னிரண்டு வயது. என் பையன் மூன்று, எட்டு வயது. பெரியவர் நாலு. பொட்டலம் ஐந்து. கூடைக்குள்ளே மோட்டார் ஆறு. தன் நெஞ்சைத் தொட்டு ஏழு. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டே என் பக்கம் ஒரு கொத்து. எட்டு.

பூனைக்கும் அப்புறம் நான். இதை என் வீட்டுக்காரரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவர் குளிர்பதனப் பெட்டி ரிப்பேர் செய்கிறவர். பெட்டியின் முதுகைக் கழற்றிவிட்டு மணிக்கணக்காகக் காது கொடுத்துக் கேட்பார், எங்கே சத்தம் வருகிறது என்று. நான் பேசினால் 'ம்' என்பார். எனக்கு வேலை குடிநீர் அலுவலகத்தில் புகார் எடுப்பது. காலையிலிருந்து சாயங்காலம் வரை குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்தது நாறுகிறது என்று ஊரார் கத்துவதைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு வருகிறேன். எல்லோர் குறையையும் கேட்கிறவளுக்கு வீட்டில் கிடைத்தது ஒரு 'ம்'.

போன மாதம் ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேவிட்டேன்.

"தனி வீடு பாக்கணும். நம்ம நாலு பேர் மட்டும். முடியுமா முடியாதா?"

"இப்ப திடீர்னு கேட்டா எப்படி?"

"பதினாலு வருஷம் திடீர்னா? அடுத்த வாரம் கடற்கரைக்குப் போறோம்ல, போயிட்டு வீடு திரும்புறதுக்குள்ள பதில் வேணும். உங்க அக்கா இருக்கற வீட்ல நான் ஒரு ஆளா, இல்ல கணக்கு சரியா வர்றதுக்கு வச்சிருக்கற எட்டாம் நம்பரா? எனக்குத் தெரியணும்."

"ம்" என்றார்.

கடற்கரைக்குப் போவதும் அவள் யோசனைதான். மூன்று பிராணிகளையும் விட்டுவிட்டு எங்கும் போகமாட்டாள், பிராணிகளை உள்ளே விடும் விடுதியும் பக்கத்தில் கிடையாது. கால்நடை மருத்துவர் வீட்டுச் சுவரில் ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டாள். கடலோரம் சவுக்குத் தோப்புக்குள் கூடார மைதானம், நாய் பூனை எல்லாம் வரலாம். போனோம், வாடகை வேனில், மூன்று வரிசை சீட்டு. முதல் வரிசையில் வீட்டுக்காரர் ஓட்ட, பக்கத்தில் பூனைக் கூடையோடு பையன். நடு வரிசையில் கதவோரம் அவள், ஜன்னலோரம் என் பெண். கடைசி வரிசையில் மூட்டைகளுக்கு நடுவே நானும் இரண்டு நாய்களும். மைதானத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் ஒரு தரைப்பாலம், உப்பங்கழி அதன் விளிம்பை நக்கிக்கொண்டு ஓடியது.

அந்த இடத்தை அழகு என்பவர்கள் அங்கே தங்கிப் பார்க்கவேண்டும். காற்றே ஈரத் துணியாக உடம்பில் ஒட்டிக்கொண்டது. துண்டைக் காயப்போட்டால் போட்டதைவிட அதிகமாக நனைந்தது. கொசுவைவிடச் சின்னதாக ஒரு பூச்சி, கண்ணுக்கே தெரியாது, கணுக்கால் முழுக்கக் கடித்து வீங்க வைத்தது. ரொட்டியில் மணல், தேநீரில் மணல், பல்லிடுக்கில் மணல். பூனை கூடையிலிருந்து இறங்கமாட்டேன் என்று சாதித்தது, அதற்கு மட்டும்தான் புத்தி இருந்தது. இதில் அங்கேயே திரியும் ஒற்றைக்காது நாய் ஒன்று, கறுப்பு, எலும்பும் தோலும். எங்கள் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தது. என் பெண் அதற்கு ரொட்டியைப் போடுவாள், அண்ணி துடைப்பத்தை எடுப்பாள்.

"கணக்குல இல்லாதது கிட்ட வரக்கூடாது. ச்சீ, போ!"

என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரியே எனக்குப் பட்டது.

இரண்டாம் நாள் மதியம் கூடாரத்துக்குள் கண்ணயர்ந்திருந்தேன். கண் விழித்தால் கூடாரம் என் முகத்தின் மேல் கிடக்கிறது. இரும்புக் கழி ஒன்று காதோரம் விழுந்திருக்கிறது, ஒரு விரற்கடை தள்ளி விழுந்திருந்தால் மண்டை போயிருக்கும். வெளியே பொட்டலம் நண்டைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது, பின்னால் கயிறு, கயிற்று நுனியில் கூடாரத்தின் நடுக்கழி. நாய்களைச் சவுக்கு மரத்தில்தானே கட்டியிருந்தது? யாரோ அவிழ்த்துக் கூடாரக் கழியில் கட்டியிருக்கிறார்கள்.

துணியை விலக்கிக்கொண்டு நான் தவழ்ந்து வெளியே வருவதற்குள் அவள் இடுப்பில் கை வைத்து நிற்கிறாள்.

"இந்தாம்மா, நாய எதுக்கு டென்ட் கம்பில கட்டினே?"

"நானா? செத்துப் பிழைச்சு வர்றேன், என்னையே கேக்கறீங்களா? நீங்க பண்ணிட்டு எம்மேல போடாதீங்க அண்ணி."

"இருபத்திரண்டு வருஷமா புள்ளைங்கள ஏத்தி இறக்கறவ நானு. எத எங்க கட்டணும்னு எனக்குத் தெரியாதா?"

"எண்ணத்தான் தெரியும். கட்டறதுக்கும் எண்ணறதுக்கும் என்ன சம்பந்தம்?"

அப்புறம் வாய் ஓயவில்லை. காலுறை வந்தது, கரண்டி வந்தது, என் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரிக்கு எடுத்துவர மறந்த ஃப்ளாஸ்க் வந்தது. பக்கத்துக் கூடாரத்தார் வானொலியை அணைத்துவிட்டு வசதியாகக் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் சவுக்கு மரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை இல்லை. அவள்மேல் வந்த கோபத்தைவிட அந்த முதுகின் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

"போதும்! வீடு போய்ச் சேர்ற வரைக்கும் யாரும் என்கிட்ட பேசவேண்டாம். கிளம்பும்போது நானே வந்து பின் சீட்ல உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். தொலைபேசி வேனில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பச்சை மழைக்கோட்டு பின் சீட்டில் கிடந்தது. வானம் வெளுப்பாகத்தான் இருந்தது.

கழிமுகம் வரை போனேன். அலையாத்தி மரங்களுக்கு அந்தப் பக்கம் பாறைகள் இருந்தன, ஒரு பாறையில் உட்கார்ந்து, சொல்ல மறந்த பதில்களை எல்லாம் கடலிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல இன்னும் நிறைய ஞாபகம் வந்தது. தலை நிமிர்ந்தபோது வானம் அடுப்புக் கரி நிறத்தில் இருந்தது, காற்று கடலைப் பிய்த்து முகத்தில் அடித்தது. மைதானக்காரர் கையில் ஒலிபெருக்கியோடு எல்லோரையும் காலிபண்ணச் சொன்னதும், அரைமணியில் தரைப்பாலம் முழுகிவிடும் என்று கத்தியதும் எனக்குக் கேட்கவில்லை. அலை இரைச்சலில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

தொப்பலாக நனைந்து ஓடிவந்தேன். எங்கள் இடத்தில் கூடாரம் இல்லை. கூடாரம் இருந்த அளவுக்கு மணல் தட்டையாக அழுந்திக் கிடந்தது, முளை அடித்த குழிகளில் தண்ணீர் நிறைந்திருந்தது. நாய்த்தட்டு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. வேன் இல்லை. பக்கத்துக் கூடாரத்தார் இல்லை. யாருமே இல்லை. மைதானக்காரர் அலுவலக அறை பூட்டிக் கிடந்தது.

குளியலறைக் கட்டடம் மட்டும்தான் சுவரும் கூரையுமாக இருந்தது. வரிசையாகத் தகரக் கதவுகள், எதிரே பாத்திரம் கழுவுகிற நீளத் தொட்டி. தொட்டி விளிம்பில் ஏறி உட்கார்ந்தேன். தகரக் கூரையில் மழை அடித்த சத்தத்தில் அழுதாலும் யாருக்கும் கேட்காது என்பதால் அழுதேன்.

முதலில், கொஞ்ச தூரம் போனதும் தெரிந்துவிடும், திரும்பி வருவார்கள் என்று நினைத்தேன். நேரம் போகப் போக வேறொன்று தோன்றியது. அவள் எண்ணாமல் வண்டியை எடுக்க விடமாட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் தவறாத கணக்கு இன்றைக்கு மட்டும் எப்படித் தவறும்? தவறவில்லை என்றால், ஏழு என்று தெரிந்தேதான் தலையை ஆட்டியிருக்கிறாள். வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அப்படி நினைத்ததும் அழுகை நின்றுவிட்டது. உடம்பு சூடாயிற்று. வீடு போனதும் என்னென்ன பேசவேண்டும் என்று வரிசைப்படுத்த ஆரம்பித்தேன். இனி அவர் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நானே கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஒரு மணி நேரம் இருக்கும். தோப்புப் பாதையில் யாரோ வந்தார்கள். குடை பின்பக்கமாக மடங்கி, கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. புடவை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தது. பக்கத்தில் என் பச்சை மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஒற்றைக்காது நாய் நடந்து வந்தது.

என்னைப் பார்த்ததும் அவள் நின்றாள். ஆள்காட்டி விரல் தானாக மேலே எழுந்தது. பாதியில் இறக்கிக்கொண்டாள்.

"இங்கயா உக்காந்திருக்கே?" என்றாள். மூச்சு வாங்கியது.

"வேற எங்க உக்காரணும்? விட்டுட்டுப் போனவங்க சொல்லிட்டுப் போயிருந்தா அங்க உக்காந்திருப்பேன்."

"நீ பாட்டுக்குக் கோவிச்சுக்கிட்டு எழுந்து போவே, நான் கடல்ல இறங்கித் தேடணுமா?"

"எண்ணுனீங்கல்ல? எத்தனை வந்தது?"

அவள் நாயைத் தூணில் கட்டினாள். இரண்டு முறை இழுத்துப் பார்த்து முடிச்சுப் போட்டாள். பிறகு, "எட்டு" என்றாள்.

நடந்தது இதுதான். எல்லோரும் மூட்டையை அள்ளி வண்டியில் எறிந்த அவசரத்தில் என் பெண் அந்த நாயைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டுவிட்டாள், மழையில் செத்துவிடும் என்று. அத்தை பார்த்தால் துரத்திவிடுவாள் என்று பயந்து என் மழைக்கோட்டைப் போர்த்தி, தலைக்குல்லாவையும் இழுத்து மூடியிருக்கிறாள். அண்ணி கதவில் நின்று கொட்டுகிற மழையில் எண்ணியிருக்கிறாள். ஏழு வரைக்கும் சரி. கடைசியாக எப்போதும் போல என் பக்கம் ஒரு கொத்து. பச்சைக் கோட்டு அசைந்தது. எட்டு. தலையை ஆட்டிவிட்டாள். அத்தை தலையை ஆட்டினால் அம்மாவும் ஏறிவிட்டாள் என்றுதான் அர்த்தம் என்று என் பெண்ணும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நாயையும் என்னையும் வித்தியாசம் தெரியாம எண்ணியிருக்கீங்க" என்றேன்.

"கோட்டைப் பாத்தேன். முகத்தப் பாக்கல." புடவைத் தலைப்பைப் பிழிந்தாள். "உன் முகத்த நான் எண்ணும்போது பாக்கறதில்ல."

"அது எனக்குப் பதினாலு வருஷமா தெரியும்."

"தப்புதான்" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். பதினாலு வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சந்தோஷப்படக்கூட வரவில்லை.

"அப்புறம் எப்படித்தான் தெரிஞ்சுது? நாய் குலைச்சுதா?"

"அது தூங்கிடுச்சு. பாலம் தாண்டினதும் நான் சொன்னேன், 'டென்ட் கயித்த அவுத்தவங்க இப்பவாவது ஒத்துக்கலாம்'னு. பதில் இல்ல. சரி, கோவம்னு விட்டேன். கொஞ்ச தூரம் போனதும், 'சில பேருக்கு முடிச்சுப் போடவே தெரியாது'ன்னேன். அதுக்கும் பதில் இல்ல. ஃப்ளாஸ்க் விஷயத்த எடுத்தேன்."

"ஃப்ளாஸ்க்கையா?"

"ஃப்ளாஸ்க்குக்கும் நீ வாயத் திறக்கலன்னா, ஒண்ணு நீ செத்துட்டே, இல்ல வண்டில இல்ல. திரும்பிக் கோட்டைத் தூக்கினேன். இது பல்லக் காட்டுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவளுக்கு எதிரில் சிரிப்பதாவது.

"அவர் என்ன பண்ணார்?" என்று கேட்டேன்.

"யாரு, உன் புருஷனா? 'பேசாம வர்றாளே, தூங்கறான்னு நினைச்சேன்'னான். வண்டியத் திருப்பினோம், பாலத்துமேல தண்ணி முழங்காலுக்கு வந்திடுச்சு. 'தண்ணி வடியட்டும்க்கா, அவ அங்க எங்கயாவது பத்திரமாத்தான் இருப்பா'ன்னான். நான் இறங்கிட்டேன். ஓரத்துல கல்லு நட்டிருக்கான்ல, அதப் புடிச்சுக்கிட்டே வந்தேன். முப்பத்தோரு கல்லு."

"நாய எதுக்கு இழுத்துட்டு வந்தீங்க?"

"அது இந்த எடத்து நாய். ஒண்ணு குறைஞ்சாலும் தப்பு, ஒண்ணு கூடினாலும் தப்பு."

மழை விட்டபாடில்லை. தொட்டியின் அந்தக் கோடியில் அவள் ஏறி உட்கார்ந்தாள், இந்தக் கோடியில் நான். நடுவில் ஆறு குழாய்கள். கொஞ்ச நேரம் சும்மா இருந்து பார்த்தோம், இரண்டு பேராலும் முடியவில்லை.

"ஆனாலும் நாயக் கழில கட்டினது நீதான்" என்றாள்.

"அண்ணி, என் புள்ளைங்க மேல சத்தியமா நான் கட்டல. நான் தூங்கிட்டிருந்தேன். நீங்கதான் நிழலுக்காக மாத்திக் கட்டியிருப்பீங்க."

"நான் அலுமினியப் பாத்திரத்தக் கழுவிக்கிட்டு இங்க நின்னேன். இதே தொட்டில."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிள்ளைகள் அப்போது கடலோரம் இருந்தார்கள். அந்தச் சவுக்கு மரத்தடியில்தான் பிறகு மடக்கு நாற்காலி போடப்பட்டிருந்தது. நாய்களைக் கட்டியிருந்தால் அங்கே நாற்காலி போட இடம் இருந்திருக்காது.

"அந்த நாற்காலி" என்றேன்.

அவள் மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டாள். "சின்ன வயசுலயே அப்படித்தான். ஜன்னல் கண்ணாடிய உடைச்சிட்டு, நான் பக்கத்து வீட்டுப் பொண்ணோட சண்டை போடறத வேடிக்கை பாத்துக்கிட்டு நிப்பான்."

"வளர்த்த லட்சணம்."

"நீ பதினாலு வருஷமா என்னத்தத் திருத்தினே?"

அதற்குப் பதில் இருந்தது, சொன்னேன். அவளும் சொன்னாள். காலுறையில் தொடங்கி மறுபடியும் எல்லாவற்றையும் ஒரு சுற்று வந்தோம். மழை ஓய்ந்ததும் நாய் கோட்டை உதறிக் கழற்றிப் போட்டுவிட்டு, கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு குப்பைத்தொட்டிப் பக்கம் ஓடியது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முடிச்சு மட்டும் தூணில் அப்படியே இருந்தது. அதை நான் சுட்டிக்காட்டவில்லை என்று யாரும் நினைக்கவேண்டாம்.

தண்ணீர் வடிந்து, பொழுது சாய்வதற்குள் வேன் வந்தது. என் பெண் இறங்கி ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். பையன் பூனைக் கூடையைத் தூக்கிக்காட்டி, மோட்டார் வாந்தி எடுத்துவிட்டது என்று முறையிட்டான். என் வீட்டுக்காரர் என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துக்கொண்டு போனார். முகம் வெளுத்திருந்தது. உண்மையிலேயே பயந்திருந்தார், அதில் பொய் இல்லை.

"நான் முடிவு பண்ணிட்டேன்" என்றார். "நீ சொன்ன மாதிரி தனி வீடு பாத்துடலாம். எண்ணத் தெரியும், எண்ணத் தெரியும்னு சொல்லி அக்கா இப்படிப் பண்ணிட்டாளே. இனிமே அவள நம்ப முடியாது."

பதினாலு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த பதில். வரிக்கு வரி நான் கேட்டபடியே இருந்தது.

"நாய மாத்திக் கட்டினது யாரு?" என்று கேட்டேன்.

"அது... நாற்காலிக்கு எடம் இல்லன்னு..."

"நாங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டப்ப ஏன் சொல்லல?"

"நடுவுல நான் எதுக்குன்னு..."

"ம்" என்றேன். அவர் சொல்கிற மாதிரியே சொல்லிப் பார்த்தேன். சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

தனி வீட்டில் நாங்கள் நாலு பேர் இருப்போம். சண்டை இருக்காது. நான் பேசாமல் இருந்தால் நிம்மதி என்று நினைத்துக்கொள்வார். அங்கே நான் காணாமல் போனால் எத்தனை கிலோமீட்டர் தாண்டித் தெரியவரும்? அந்த வேனுக்குள் என் குரல் இல்லை என்பது ஒரே ஒரு ஆளுக்குத்தான் கேட்டிருக்கிறது. அது அவளாக இருந்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை.

"வீடு ஒண்ணும் பாக்கவேண்டாம்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். பின் சீட்டில் ஈரமும் நாய் நாற்றமுமாக இருந்தது. பெரியவர் என் மடியில் தலையை வைத்துக்கொண்டது.

அவள் கதவில் நின்று எண்ணினாள். தம்பி, பெண், பையன், பெரியவர், பொட்டலம், கூடை, தன் நெஞ்சு. என்னிடம் வந்தபோது விரல் நின்றது. குனிந்து, கண்ணைச் சுருக்கி, என் முகத்தை முறைத்துப் பார்த்தாள். நானும் முறைத்தேன். அப்போதும் தலையை ஆட்டவில்லை. உள்ளே ஏறி, கதவை இழுத்துச் சாத்திவிட்டு, முன்பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"அந்த ஃப்ளாஸ்க்க நீதான் மறந்தே."

"நீங்கதான் அண்ணி மறந்தீங்க. மேஜை மேல வச்சிட்டு வந்ததே நீங்க."

அவள் தலையை ஒரு ஆட்டு ஆட்டினாள். என் வீட்டுக்காரர் கியரைப் போட்டார்.